நான்காவது திரை இருண்ட நேரம்

மார்ச் 3

தம்பிக்கு,

போனை நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். காகிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது.

விசாரணைக் குழுவின் முதல் அறிக்கை நேற்று வந்தது. ஏழு பக்கம். "கிரேன் இயக்குநரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்" என்று இரண்டாம் பக்கத்திலேயே எழுதிவிட்டார்கள். எதிர்பார்த்ததுதான், கோபம்கூட வரவில்லை. ஏழாம் பக்கத்தில் ஒரு சான்றை இணைத்திருந்தார்கள். "கட்டுப்பாட்டு அறையின் நான்கு திரைகளும் சம்பவ நேரத்தில் குறையின்றி இயங்கின. கணினி அதன் வரம்புக்குள்ளேயே இருந்தது." கீழே கணினிப் பொறுப்பாளர் என்று உன் கையெழுத்து.

குறையின்றி. அதை எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?

அன்று நடந்ததை நானே சொல்கிறேன், ஏனென்றால் நீ இதுவரை கேட்கவே இல்லை. பிப்ரவரி 9, காலை பதினொன்று நாற்பத்திரண்டு. கப்பலிலிருந்து எடுத்த கன்டெய்னர் தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் தொங்குகிறது. அதன் நான்கு அடிமூலைகளிலும் இருக்கும் இரும்புப் பூட்டுகளைக் கழற்றுவது, கீழே நின்று விசில் ஊதிச் சைகை காட்டும் விசில்காரரின் வேலை. கழற்றிவிட்டு அவர் மஞ்சள் கோட்டைத் தாண்டி வெளியே போனதும் நான் இறக்க வேண்டும். நானோ நானூறு மீட்டருக்கு அப்பால், ஏசி அறையில், ஒரு நாற்காலியில். சத்தம் எதுவும் எனக்கு வராது. கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான். மூன்று மூலைகள் முதல் மூன்று திரைகளில் தெரியும். கிரேனின் காலுக்குப் பின்னால் மறைந்திருக்கும் நான்காவது மூலை நான்காவது திரையில் மட்டும்தான் தெரியும்.

அவர் கோட்டுக்கு வெளியே போனதைப் பார்த்தேன். இறக்கத் தொடங்கினேன். நான்காவது பூட்டு சரியாக விடவில்லை என்று அவர் திரும்பி வந்திருக்கிறார். எனக்குத் தெரியாது, ஏனென்றால் அந்தத் திரை கறுப்பாகிவிட்டது. மூன்று வினாடி. படம் திரும்பி வந்தபோது அவர் கீழே கிடந்தார், வலது பாதம் பெட்டிக்கு அடியில்.

பாதத்தை எடுத்துவிட்டார்கள். அதாவது தெரியுமா உனக்கு?

திரை இருண்டது என்று குழுவிடம் சொன்னேன். அவர்களில் ஒருவர் உன் சான்றை என் பக்கம் தள்ளி, "உங்க தம்பியே அப்படி எதுவும் நடக்கலைன்னு எழுதிக் குடுத்திருக்காரும்மா" என்றார். அந்தத் 'தம்பியே'வில் இருந்த ஏகாரம் இன்னும் காதில் குத்துகிறது.

விபத்து நடந்த எட்டாம் நாள் நீ மூட்டை கட்டிவிட்டாய். இரண்டு நாள் பயணத் தொலைவில் வேறொரு துறைமுகம், பதவி உயர்வு. அம்மா பக்கத்து வீட்டில் எல்லாம் சொல்லியாகிவிட்டது. மகனின் உயர்வைச் சொல்கிறவள் மகள் ஏன் வேலைநாளில் வீட்டில் இருக்கிறாள் என்று கேட்டால் "லீவு" என்கிறாள்.

அந்தச் சான்றைத் திரும்பப் பெறு.

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

முதலில் ஒன்று. என் மாற்றல் உத்தரவு டிசம்பரிலேயே வந்துவிட்டது. உனக்கும் தெரியும். நான் தப்பி ஓடியதாக எழுதுவது உனக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நான்காவது திரை வேண்டும் என்று கேட்டது யார்? மேலாளர் அறை வாசலில் நின்றுகொண்டு, "கண்ணைக் கட்டிக்கிட்டு இறக்கச் சொல்றீங்களா?" என்று மாடி முழுக்கக் கேட்கும்படி கேட்டது யார்? நீ கேட்டதில் நியாயம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே உன் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்: "அக்கா, அந்த மெஷின்ல இருக்கிற கார்டு மூணு திரையைத்தான் முழுசாத் தாங்கும். நாலாவதுக்கு மிச்சம் இருக்கிற போர்ட் பழசு. அதுல பாதி வேகம்தான் வரும்."

"கப்பல் வர்ற போர்ட்டா?" என்று அத்தான் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. "உன் கதையெல்லாம் எனக்கு எதுக்குடா? எப்படியாவது போட்டுக் குடு" என்றாய். என் கதை எப்போதுமே உனக்கு எதற்கு?

இப்போதாவது படி. உன் திரை ஒவ்வொன்றிலும் எண்பத்து மூன்று லட்சம் புள்ளிகள். அத்தனையையும் வினாடிக்கு அறுபது தடவை புதிதாக வரைந்தால்தான் அசைவு அசைவாகத் தெரியும். நான்கு திரைக்கும் சேர்த்தால் வினாடிக்கு ஏறக்குறைய இருநூறு கோடிப் புள்ளிகள். உன் அறைக் கணினியில் இருப்பதோ அலுவலகத்தில் கடிதம் தட்டுவதற்காக வாங்கிய சாதாரண கிராபிக்ஸ் கார்டு. மூன்று திரைவரை மூச்சு விடும். நான்காவதைச் சேர்த்தால் அந்தப் பழைய போர்ட், அதாவது திரையின் கேபிளைச் செருகும் வாய், அதன் வழியாக வினாடிக்கு முப்பது படம், அதுதான் எல்லை. வேறு கார்டு கேட்டு மேலாளருக்கு இரண்டு முறை எழுதினேன். "படம் தெரியுதுல்ல? அப்புறம் என்ன?" என்றார்.

கணினியை இயக்க நான் லினக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டதால்தான் இப்படி ஆனது என்று அங்கே பேசிக்கொள்கிறார்களாம். பாவம், அதன் தலையில் எதையும் கட்ட வேண்டாம். கார்டில் இல்லாத பலத்தை லினக்ஸ் எங்கிருந்து கொண்டுவரும்?

நான்காவது திரை முப்பதில் ஓடியது. முப்பது அந்த போர்ட்டின் வரம்பு. வரம்புக்குள் இருந்தது என்று எழுதினேன். இதில் எது பொய்? முப்பதில் ஓடும் திரை இருளாது. நீ பதற்றத்தில் எதைப் பார்த்தாயோ எனக்குத் தெரியாது.

தம்பி


மார்ச் 17

முப்பதா?

ஜனவரி 20 வரை முப்பது. அந்தத் திரையில் விசில்காரர் நடந்தால் வெட்டி வெட்டி நடப்பார். கால் ஒரு இடம், உடம்பு ஒரு இடம். ஆறு மணி நேரம் அதைப் பார்த்துவிட்டு வந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உன்னைத் திட்டினேன், ஒரு நாள் அல்ல, தினமும். ஜனவரி 21 காலை அறைக்குள் போனால் படம் எண்ணெய் போட்டதுபோல் ஓடியது. "சரி பண்ணிட்டேன். இனிமேலாவது திட்டாதே" என்று நீதான் சொன்னாய். வாயார உன்னைப் பாராட்டினேன்.

விபத்து நடந்த மூன்றாம் நாள் குழு என்னை அதே நாற்காலியில் உட்கார வைத்து, நடந்ததைச் செய்து காட்டச் சொன்னது. படம் மறுபடியும் வெட்டி வெட்டிப் போனது. தூங்காத கண்தான் ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். இப்போது உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் உறைக்கிறது.

அந்த மூன்று நாளும் அறை பூட்டிச் சீல் வைத்திருந்தது. கதவைத் திறக்காமலே உள்ளே போகக்கூடியவன் நீ ஒருவன்தான். உட்கார்ந்த இடத்திலிருந்து அந்த மெஷினைத் தொட முடியும் என்று எத்தனை முறை பெருமை அடித்திருக்கிறாய்.

என்னடா செய்தாய்?

இதற்கும் லட்சம் கோடி என்று கணக்குப் பாடம் நடத்தினால் உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். அவளுக்குப் புள்ளிகள் புரியாது. பொய் புரியும்.


ஏப்ரல் 2

அக்கா,

இரண்டு வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன்.

முப்பதில் இல்லை. நாற்பத்து நான்கில் இருந்தது.

லினக்ஸில் ஒரு வழி உண்டு. கார்டும் திரையும் தாமாகச் சொல்லும் வேகங்களை விட்டுவிட்டு, நாமே ஒரு எண்ணைக் கையால் எழுதி, இதில் ஓடு என்று கட்டளையிடலாம். அது தடுக்காது. செய்கிறவனுக்குத் தெரியும் என்று நம்பி விட்டுவிடும். ஜனவரி 20 சாயங்காலம் நாற்பது கொடுத்தேன், நின்றது. நாற்பத்தெட்டு கொடுத்தேன், படம் போய்விட்டது. நாற்பத்து நான்கு நின்றது. பத்து நிமிடம் பார்த்தேன். வீட்டுக்குப் போய்விட்டேன். கணினி இருக்கும் அலமாரியிலிருந்து உன் மேசைவரை பதினைந்து மீட்டர் கேபிள். பழைய போர்ட், அதன் சக்திக்கு மேல் வேகம், அவ்வளவு நீளக் கேபிள். எப்போதாவது பிடி விடும், இரண்டு மூன்று வினாடியில் தானே பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. உன் வாயை அடைக்க வேண்டும், அதுதான் அன்று என் அவசரம்.

விபத்து அன்று மத்தியானம் அங்கே என் அறையிலிருந்தே அதை முப்பதுக்கு இறக்கினேன். பிறகு கையெழுத்துப் போட்டேன்.

இறக்குவதற்கு முன் அந்த மெஷினின் லாகை, தனக்கு நடந்ததை எல்லாம் நேரத்தோடு அதுவே எழுதி வைக்கும் பதிவை, ஒரு நகல் எடுத்தேன். அதில் இருக்கிறது. பிப்ரவரி 9, 11:42:07, நான்காவது திரை துண்டிப்பு. 11:42:10, இணைப்பு. நீ சொன்னது உண்மை.

ஆனால் அதே பதிவில் இன்னொன்றும் இருக்கிறது. ஜனவரி 21 முதல் அந்த நாள்வரை அந்தத் திரை அதற்கு முன்பும் பதினோரு தடவை இருண்டிருக்கிறது. பதினொன்றும் உன் வேலை நேரத்தில். ஒரு தடவையாவது என்னிடம் சொன்னாயா? ஒரே ஒரு தடவை "தம்பி, கறுப்பாகுது" என்று சொல்லியிருந்தால் அந்த நிமிடமே இறக்கியிருப்பேனே. இது எனக்கு நேற்று வந்த கோபம் இல்லை அக்கா, பதிவைப் பார்த்த நாளிலிருந்து நெஞ்சில் எரிகிறது. ஒரு திரை போனாலும் நெம்புகோலிலிருந்து கையை எடு என்பது உங்கள் விதி. கையை எடுத்தால் கிரேன் நின்றுவிடும். அந்த மூன்று வினாடியும் உன் கை எங்கே இருந்தது?

இந்தப் பதிவைக் கொடுத்தால் நான் போவேன். நீயும் முழுசாகத் தப்ப மாட்டாய். கொடுக்கட்டுமா, வேண்டாமா? நீயே சொல்.

தம்பி


ஏப்ரல் 6

உன் மனசாட்சிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். நான் சொல்லித்தான் கொடுத்தாய் என்றோ, நான் சொல்லித்தான் மறைத்தாய் என்றோ பின்னாளில் சொல்லிக்கொள்ள வழி தேடுகிறாய்.

நீயாகக் கொடு. அல்லது நீயாக மறை. என்னைக் கேட்காதே.


ஏப்ரல் 24

அக்காவுக்கு,

கொடுத்துவிட்டேன். உனக்குச் செய்தி வந்திருக்கும். ஆனாலும் அறைக்குள் நடந்ததை என் வாயால் சொல்கிறேன்.

குழுத் தலைவி அந்தப் பதிவை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இந்த நகலை எப்ப எடுத்தீங்க?"

"அன்னைக்கே மேடம். வேகத்தைக் குறைக்கிறதுக்கு முன்னாடி."

"குறைச்சு மறைச்சீங்க. மறைச்சதுக்கு ஆதாரத்தையும் எடுத்து வெச்சீங்க. எதுக்கு?"

"அழிக்கக் கை வரல."

"கையெழுத்துப் போடக் கை வந்துச்சு இல்ல?"

பதிவின் கடைசித் தாளையும் அவர் பக்கம் தள்ளினேன்.

மேலாளர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "இந்தத் தம்பி எங்கிட்ட இதைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்லைங்க" என்று ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. புது கார்டு கேட்டு நான் எழுதிய இரண்டு விண்ணப்பங்களையும் எடுத்து வைத்தேன். இரண்டாவதின் ஓரத்தில் அவர் கையாலேயே, "படம் தெரிகிறது. தேவையில்லை" என்று எழுதி, தேதியும் போட்டிருந்தார். அவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அப்படியே கவிழ்த்து வைத்தார். எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் வரவில்லை. அவர் தேவையில்லை என்று எழுதினாரே தவிர, நாற்பத்து நான்கு என்று எழுதியது நான்.

வேலை போய்விட்டது. இங்கே அறையைக் காலி செய்துகொண்டிருக்கிறேன்.

விசாரணைக்கு வந்த அன்று உன் தெருமுனைவரை வந்தேன். மாடியில் அம்மா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கிளிப்பை வாயில் கடித்துக்கொண்டு, உன் பிள்ளையை ஏதோ திட்டிக்கொண்டிருந்தாள். அப்படியே திரும்பிவிட்டேன். உனக்குப் பயந்து இல்லை. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. என் தவறை நான் சொல்லிவிட்டேன். உன் பதினொன்றை நீ இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. பதிவைப் பார்த்து அவர்கள் தெரிந்துகொண்டது வேறு, நீ சொல்வது வேறு. அதைச் சொல்லிவிட்டு வா, பிறகு என்னை டா போட்டுத் திட்டு.

தம்பி


மே 8

தம்பிக்கு,

சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் கடைசியில் என்னை மறுபடி கூப்பிட்டார்கள். பதிவைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தப் பதினோரு தடவையும் நெம்புகோலை விட்டீங்களா?" என்று தலைவி கேட்டார். முதல் தடவை விட்டேன். இரண்டாம் தடவையும் விட்டேன். கப்பலில் இருந்து என்ன தாமதம் என்று கேட்டார்கள். மூன்றாம் தடவையிலிருந்து விடவில்லை. அதுதான் தானாக வந்துவிடுகிறதே என்று கை பழகிவிட்டது. உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் நீ மறுபடி முப்பதுக்கு இறக்குவாய், மறுபடி தலைவலி வரும். இதற்குமேல் ஒரு காரணமும் கிடையாது. இதைச் சொன்னபோது என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. பதற்றத்தில் எதைப் பார்த்தாயோ என்று எழுதினாயே, நான் எதையும் பார்க்கவில்லை. பார்க்காமல் இறக்கினேன்.

இரண்டு வருடம் கிரேனைத் தொடக்கூடாது. வாசல் கேட்டில் லாரிகளின் சீட்டைச் சரிபார்க்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். மேலாளரைக் கிடங்குப் பக்கம் மாற்றிவிட்டார்கள். உனக்கு வயிறு எரிவதற்காக ஒன்று சொல்கிறேன், எனக்கு எரிந்தது, நீயும் எரி. புது கார்டு ஒரே வாரத்தில் வந்துவிட்டது. நான்கு திரையும் அறுபதில் ஓடுகிறதாம். இரண்டு விண்ணப்பத்துக்கு வராதது ஒரு காலுக்குப் பிறகு ஒரு வாரத்தில் வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை விசில்காரர் வீட்டுக்குப் போனேன். முதல் மாடி, குறுகலான படிகள். அவர் மனைவி கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. வாங்க என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒதுங்கி நின்றார்.

அவர் சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். மடியில் போர்வை. மருத்துவமனையிலிருந்து வந்ததற்குப் பிறகு கீழே இறங்கவே இல்லையாம். நான் நின்றுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"மூணு மாசம் ஆச்சும்மா. மூணு மாசமா நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் பழியைத் தூக்கிப் போட்டுக்கிட்டு இருந்தீங்க. அக்கா சொன்னது, தம்பி சொன்னது, லாக்கு, சான்று, எல்லாம் எனக்கு வந்து சேர்ந்துச்சு. நீங்க ஒருத்தரும் வந்து சேரல."

தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தத் திரை அதுக்கு முன்னாடி எத்தனை தடவை போச்சு?"

"பதினோரு தடவை."

"உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"நாலாவது திரைக்குச் சக்தி பத்தாதுன்னு உங்க தம்பிக்குத் தெரியும்."

"தெரியும்."

"அந்தப் பதினோரு தடவையும் கீழ நின்னது யாரு?"

அவரே தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"நான்தாம்மா நின்னேன். அந்த மூலையில நீங்க என்னைப் பாத்துக்கிட்டு இருக்கீங்கன்னு நம்பி நின்னேன். யாராவது ஒருத்தர், 'அண்ணே, அந்த மூலைத் திரை அப்பப்பப் போயிருது, பாத்து இருங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா நான் எதுக்கு அந்தப் பூட்டுக்காகத் திரும்பி வரப்போறேன்?"

கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். அவர் மனைவி வந்து, "போதும், அவருக்கு ஆயாசமா இருக்கும்" என்றார். நான் படி இறங்கி வந்துவிட்டேன்.

கேட் அறையில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். நீ மேலாளரிடம் சொன்னாய். என்னிடம் சொன்னாய். நான் உன்னிடம் சொல்லவில்லை என்று நீ எரிந்தாய், நீ குழுவிடம் சொல்லவில்லை என்று நான் எரிந்தேன். இத்தனை கடிதத்தில் அவரிடம் சொல்லவில்லையே என்று நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை.

உன்மேல் என் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. சான்றில் நீ கையெழுத்துப் போட்டதை என்னால் மறக்க முடியாது. நீயும் என் பதினொன்றை மறக்க வேண்டாம். வீட்டுக்கு வருவது உன் இஷ்டம், அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

ஆனால் அடுத்த கடிதத்தை எனக்கு எழுதாதே, அவருக்கு எழுது. எண்பத்து மூன்று லட்சம் புள்ளி என்ன, பழைய போர்ட் என்ன, முப்பது என்ன, நாற்பத்து நான்கு என்ன என்று எனக்கு வரிசையாகச் சொன்னாயே, அதே மாதிரி அவருக்கும் சொல். அவருக்குப் புரியாது என்று சுருக்காதே. உன் அக்கா கேட்டாள் என்று ஆரம்பிக்காதே.

முகவரியை உறைக்குப் பின்னால் எழுதியிருக்கிறேன். சாதாரணத் தபால் என்றால் கீழே இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், அவரால் இறங்கி வந்து எடுக்க முடியாது. பதிவுத் தபாலில் அனுப்பு. மாடியேறிப் போய்க் கையில் கொடுப்பார்கள்.

அக்கா